மண்டையோடும் முக எலும்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு பிள்ளைகளுக்கு உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தே என் காலத்தில் பெரும்பகுதி போனது. அவர்கள் வகுப்பில் கேட்டவை, கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் கேட்டவை, விபத்துக்குப் பிறகு எக்ஸ்ரே படத்தோடு வந்து உட்கார்ந்த உறவினர்கள் கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. படிக்கும்போது ஒரு கையைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் உங்கள் முகத்தையே தொட்டுப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.

மண்டையோட்டில் மொத்தம் எத்தனை எலும்புகள்? ஒரு புத்தகத்தில் 22, இன்னொன்றில் 28, வேறொன்றில் 29 என்று இருக்கிறதே?

மூன்றும் சரிதான், எண்ணும் முறைதான் வேறு. மூளையைச் சூழ்ந்த கபால எலும்புகள் 8, முக எலும்புகள் 14, ஆக 22. இரண்டு காதுகளுக்குள்ளும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மும்மூன்று சிற்றெலும்புகள் உண்டு. அந்த 6-ஐயும் சேர்த்தால் 28. நாக்கின் அடியில், எந்த எலும்போடும் மூட்டு இல்லாமல் தசைகளில் தொங்கும் நாவடி எலும்பையும் சேர்த்தால் 29. தேர்வில் “மண்டையோட்டின் எலும்புகள்” என்று மட்டும் கேட்டிருந்தால் 22 என்று எழுதுங்கள்.

அந்த 8-உம் 14-உம் எவை? எத்தனை முறை படித்தாலும் பெயர்கள் மனதில் நிற்பதில்லை.

பட்டியலாக மனப்பாடம் செய்தால் நிற்காது. கையால் படியுங்கள்.

புருவத்தில் விரலை வைத்து மேலே தள்ளிக்கொண்டே போங்கள். அது நெற்றி எலும்பு, ஒன்றே ஒன்று. முன்னுச்சியைத் தாண்டியதும் இடமும் வலமுமாக இரண்டு சுவர் எலும்புகள் வந்துவிடும். அப்படியே பின்னால் இறங்கினால் நட்டநடுவில் ஒரு புடைப்பு தட்டுப்படும். அது பிடரி எலும்பின் மேடு, சிலருக்கு நன்றாகத் துருத்திக்கொண்டே இருக்கும். காதைச் சுற்றி இருப்பது பொட்டெலும்பு, பக்கத்துக்கு ஒன்று. காது மடலுக்குப் பின்னால் கெட்டியாக ஒரு முண்டு இருக்கிறதல்லவா, அதுவும் பொட்டெலும்பின் பகுதிதான். மாஸ்டாய்டு என்பார்கள். இதுவரை 6 ஆயிற்று. மீதி இரண்டும் உள்ளே ஒளிந்திருப்பவை: மண்டையின் அடித்தளத்தில் குறுக்காகக் கிடக்கும் ஸ்பீனாய்டு, இரண்டு கண்களுக்கும் நடுவே மூக்கின் கூரையாக இருக்கும் எத்மாய்டு என்ற சல்லடை எலும்பு.

இனி முகம். கண்ணாடி அணிபவர்களுக்கு அது உட்காரும் இடம் மூக்கெலும்பு, இரண்டு. பவுடர் பூசும்போது மேடாகத் தெரிவது கன்ன எலும்பு, இரண்டு. மேல்வரிசைப் பற்களைத் தாங்குவது மேல்தாடை எலும்பு. ஒன்றுபோலத் தோன்றினாலும் அதுவும் இரண்டு. கண்ணின் உள்மூலையில் சுண்டுவிரல் நக அளவில் கண்ணீர் எலும்பு, இரண்டு. முக எலும்புகளிலேயே சிறியது இதுதான். நாக்கை மடித்து மேலண்ணத்தில் பின்னோக்கித் தள்ளுங்கள். கெட்டியான பகுதி முடிவதற்குச் சற்று முன்னால் இருப்பவை அண்ண எலும்புகள், இரண்டு. மூக்குக்குள் வெளிப்பக்கச் சுவரில் சுருண்டு நிற்கும் கீழ் நாசிச் சுருள் எலும்புகள் இரண்டு. இவை 12. இணையில்லாமல் தனியாக இருப்பவை இரண்டு: மூக்கின் நடுச்சுவரில் ஏர்க்கொழு போல இருக்கும் வோமர், பிறகு கீழ்த்தாடை. வோமர் என்ற இலத்தீன் சொல்லுக்குப் பொருளே கொழுதான். உழவு தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் ஒருமுறை சொன்னாலே போதும், மறக்காது.

இத்தனை துண்டுகள் என்றால் ஏன் ஒரே ஓடாக இருக்கிறது?

என்னைக் கேட்டால் மண்டையோட்டில் முதலில் பார்க்கவேண்டியது எலும்புகளை அல்ல, அவை சேரும் இடங்களைத்தான். காய்ந்த மண்டையோடு ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கோணல்மாணலாக, ஊசியில் நெருக்கித் தைத்ததுபோல வரிகள் ஓடும். அதனால்தான் தையல் என்று பெயர். நெற்றி எலும்புக்கும் சுவர் எலும்புகளுக்கும் இடையே, ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கத்துக்கு ஓடுவது ஒன்று. சுவர் எலும்புகள் இரண்டுக்கும் நடுவே, நம் வகிடு போகும் வழியிலேயே போவது ஒன்று. பின்னால் பிடரி எலும்பைச் சுற்றிக் கூரைபோல விரிவது இன்னொன்று. காதுக்கு மேலே பொட்டெலும்பு சுவர் எலும்பின் மேல் மீன் செதில் போலப் படிந்து ஏறியிருப்பது நான்காவது.

பற்பற்களாகக் கோத்துக்கொண்ட இந்த விளிம்புகளுக்கு இடையில் நார்த்திசு இருக்கிறது. மூளை வளரும் காலத்தில் புதிய எலும்பு உருவாவது இந்த விளிம்புகளில்தான். பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச்சுற்றளவு ஒரு வயது முடியும்போது 46 செ.மீ. வாக்கில் வந்துவிடுகிறது. முதலிலேயே ஒரே ஓடாக இருந்தால் அது முடியுமா? நெற்றி எலும்புகூடப் பிறக்கும்போது இரண்டு பாதிதான். நடுவிலுள்ள தையல் பெரும்பாலும் முதல் வயதுக்குள் மூடிவிடும். சிலருக்கு மட்டும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். அதை எக்ஸ்ரேயில் பார்த்து எலும்பு முறிவு என்று எண்ணிப் பதறியவர்கள் உண்டு.

குழந்தையின் உச்சிக்குழி துடிக்கிறது. தொடவே பயமாக இருக்கிறது. எப்போது மூடும்?

துடிப்பது இயல்பு. உள்ளே ஓடும் இரத்தத்தின் துடிப்புத்தான் அங்கே தெரிகிறது. எலும்பு இல்லையே தவிர, அங்கே கெட்டியான சவ்வு இருக்கிறது. தலை துவட்டுவதாலோ எண்ணெய் தொட்டு வைப்பதாலோ ஒன்றும் ஆகாது.

பிறந்த குழந்தைக்கு இப்படி ஆறு இடைவெளிகள் உண்டு. நாம் உச்சிக்குழி என்று சொல்வது அவற்றில் பெரியது. நெற்றியின் இரண்டு பாதிகளும் சுவர் எலும்புகள் இரண்டும் கூடும் நாற்சந்தி, சாய்சதுர வடிவில் இருக்கும். பின்னால் உள்ளது சிறிய முக்கோணம், இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். முன்னுள்ளது பெரும்பாலான குழந்தைகளுக்கு 9 முதல் 18 மாதத்துக்குள் மூடும். பிரசவத்தின்போது இந்த இடைவெளிகள் இருப்பதால்தான் எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறி, தலை குறுகி வெளியே வர முடிகிறது. பிறந்த அன்று நீண்டு தெரியும் தலை சில நாட்களில் சரியாவதும் அதனால்தான்.

பயப்படவேண்டிய நேரங்கள் வேறு. வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கும் குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளமாக விழுந்திருந்தால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று பொருள். அழாமல், மடியில் நிமிர்ந்திருக்கும்போதும் அது உப்பி விறைத்திருந்து, கூடவே காய்ச்சல், சோர்வு, பால் குடிக்காமை இருந்தால் மூளையுறைக் காய்ச்சலாக இருக்கலாம். இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உச்சிக்குழி விழுந்துவிட்டது என்று வாயில் விரலை விட்டு அண்ணத்தை மேலே தூக்கிவிடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அண்ணத்துக்கும் உச்சிக்கும் நடுவே மூக்கும் மூளையும் இருக்கின்றன. கீழே தள்ளினால் மேலே எழும்பாது. குழந்தைக்குத் தேவை நீர்ச்சத்து.

இரண்டு வயதாகியும் மூடாவிட்டால் தைராய்டு, வைட்டமின் டி குறைபாடு போன்றவற்றைப் பார்ப்பார்கள். சீக்கிரம் மூடியதுபோலத் தோன்றினால் தலைச்சுற்றளவை மாதாமாதம் அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள். அது ஒழுங்காக ஏறினால் கவலை வேண்டாம்.

குளிப்பாட்டும்போது தலையை அழுத்தி உருட்டி, மூக்கை நீவிவிட்டால் வடிவாக வரும் என்று பாட்டி சொல்கிறார். உண்மையா?

பாட்டியின் கையிலுள்ள பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெதுவாக எண்ணெய் தடவுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மூக்கின் வடிவத்தில் பெரும்பகுதி குருத்தெலும்பு, அது வளர்வது பரம்பரை சொல்கிற வழியில். நீவுவதால் கூராகாது. தலை ஒருபக்கம் தட்டையாவது ஒரே பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பதால் வருவது. தூங்கும்போது மல்லாந்துதான் படுக்கவேண்டும். விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருந்து, குப்புறப் போட்டு விளையாடவிட்டால் தானே சரியாகும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாக மாறலாம்.

தையல்களில் ஒன்று காலத்துக்கு முன்பே மூடிக்கொள்வது வேறு விஷயம். வகிட்டுத் தையல் முந்தி மூடினால் தலை அகலமாக முடியாமல் படகுபோல முன்னும் பின்னும் நீளும். இதை எந்த நீவலும் மாற்றாது. அறுவைச் சிகிச்சைதான், அதுவும் முதல் வயதுக்குள் செய்தால் பலன் அதிகம். தலையின் வடிவம் நாளுக்கு நாள் கோணலாகிறது என்று தாயின் கண்ணுக்குப் பட்டால், அதை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

“பொட்டில் அடித்தாற்போல” என்கிறோமே, பொட்டில் அடிபடுவது உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?

ஆம். கன்ன எலும்பிலிருந்து காதை நோக்கி ஒரு வில் போகிறது, தொட்டால் தெரியும். அந்த வில்லுக்கு இரண்டு விரற்கடை மேலே, கண்ணின் வெளிவிளிம்பு எலும்புக்கு ஒரு கட்டைவிரல் அகலம் பின்னே விரலை வையுங்கள். நெற்றி, சுவர், பொட்டு, ஸ்பீனாய்டு என நான்கு எலும்புகள் கூடும் இடம் அது. டெரியான் என்று பெயர். சுவர் எலும்பு பல இடங்களில் 6, 7 மி.மீ. தடிமன் இருக்கும். இங்கே அதைவிட நன்றாக மெலிந்துவிடும். விளக்குக்கு எதிரே பிடித்தால் இந்தப் பக்கம் வெளிச்சம் ஊடுருவும் மண்டையோடுகளை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். போதாததற்கு, எலும்பின் உட்புறத்தில் மூளையுறைத் தமனி ஒன்று பள்ளம் பறித்துக்கொண்டு இதே இடத்தில் மேலேறுகிறது. எலும்பு விரிந்தால் அந்த இரத்தக்குழாயும் கிழியும். தமனி இரத்தம் அழுத்தத்தோடு வருவது. எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே சேர்ந்து மூளையை நெருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால் நடுவில் வரும் தெளிவான நேரம். அடிபட்டவர் சற்று மயங்கி, பிறகு எழுந்து உட்கார்ந்து, காபி குடித்து, “எனக்கு ஒன்றுமில்லை, போங்கள்” என்று பேசுவார். சில மணி நேரத்தில் தலைவலி கூடும், வாந்தி வரும், தூக்கம் தூக்கமாக வரும். வீட்டில் இருப்பவர்கள் களைப்பு, தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்தத் தூக்கம் தூக்கமல்ல. நேரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்துத் துளையிட்டு இரத்தத்தை வெளியேற்றினால் முழுதாக எழுந்து நடப்பவர்கள் இவர்கள். எல்லோருக்கும் இந்தத் தெளிவு நேரம் வரும் என்றும் இல்லை. ஆகவே தலையில் அடிபட்டபின் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் பலவீனம், இரண்டு கண்மணிகளும் சமமில்லாமை இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை.

அடிபட்டபின் மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் சொட்டினால் அதையும் சளி என்று துடைத்துவிடாதீர்கள். மண்டையின் அடித்தளம் விரிந்து மூளைநீர் கசியலாம். பஞ்சு வைத்து அடைக்கவும் கூடாது.

தலையில் நீர் கோர்த்துக்கொண்டது என்கிறார்களே, நீர் எங்கே கோர்க்கிறது?

மூளைக்குள் அல்ல. முகத்தின் எலும்புகள் பாரம் குறையும்படி உள்ளே பொந்தாக இருக்கின்றன. நெற்றியில், மேல்தாடையில், எத்மாய்டில், ஸ்பீனாய்டில் என நான்கு இணைக் காற்றறைகள். இவையே சைனஸ். எல்லாம் மூக்குக்குள் திறக்கும். சளி பிடித்து உள்சவ்வு வீங்கியதும் அந்த அறைகளின் வாய் அடைபட்டு, உள்ளே ஊறுவது வெளியேற வழியில்லாமல் தேங்கும். அதுதான் அந்தக் கனம்.

இவற்றில் மேல்தாடை அறை பெரியது, சுமார் 15 மி.லி. கொள்ளும். வடிகுழாயைத் தரையில் வைக்காமல் கூரைக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டிய தண்ணீர்த் தொட்டி என்று இதைச் சொல்லலாம். அதன் வாய் அவ்வளவு உயரத்தில் இருப்பதால் நிமிர்ந்து நிற்கும்போது தானாக வடியாது. உள்சவ்விலுள்ள நுண்மயிர்கள்தாம் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றவேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தால் அடைத்த பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள், சற்று வடியும்.

இந்த அறையின் தரையில்தான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. சைனஸ் வீங்கினால் நல்ல பல் வலிக்கும். சொத்தைப் பல் சீழ்பிடித்தால் சைனஸ் வீங்கும். மாதக்கணக்கில் ஒரே பக்கத்து மூக்கில் நாற்றத்தோடு சளி வந்தால் பல் மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். ஆவி பிடிப்பது இதமாக இருக்கும். ஆனால் கொதிக்கும் பாத்திரத்தின் முன் சிறுபிள்ளைகளைப் போர்வைக்குள் உட்காரவைக்காதீர்கள்.

அழும்போது மூக்கு ஏன் ஒழுகுகிறது?

கண்ணீர் எலும்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் இறங்கி, கீழ் நாசிச் சுருளுக்கு அடியில் திறக்கிறது. கண்ணில் ஊறுவது எப்போதும் அந்த வழியாகத்தான் போகிறது. அழும்போது அளவு கூடுவதால் வெளியே தெரிகிறது. கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டையில் கசப்பதும் இதனால்தான்.

கிரிக்கெட் பந்து கண்ணில் பட்டது. கண் நன்றாக இருக்கிறது, ஆனால் பொருள் இரண்டாகத் தெரிகிறது. ஏன்?

கண்குழியைச் சுற்றி ஏழு எலும்புகள் சேர்ந்திருக்கின்றன. வெளிவளையம் உறுதியானது. உள்ளே, தரையும் மூக்குப்பக்கச் சுவரும் காகிதம் போல மெல்லியவை. மூக்குப்பக்கச் சுவருக்கு இலத்தீனில் காகிதத் தகடு என்றே பெயர். மண்டையோட்டைத் தூக்கும்போது கண்குழியில் விரலை மாட்டித் தூக்கக்கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்வேன். இரண்டு கையாலும் அடியில் ஏந்திப் பிடிக்கவேண்டும். ஒரு பிள்ளை மறந்து விரலை விட்டதும் “படக்” என்று கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பந்தோ முட்டியோ கண்மேல் பட்டதும் குழிக்குள் அழுத்தம் ஏறி இந்தத் தரை கீழே, மேல்தாடை அறைக்குள் உடைந்து விழும். கண்ணை அசைக்கும் தசையோ அதைச் சுற்றிய கொழுப்போ அந்த விரிசலில் சிக்கிக்கொள்ளும். மேலே பார்க்கும்போது ஒரு கண் ஏறும், மற்றது ஏறாது. அதனால் இரண்டாகத் தெரிகிறது. கன்னமும் மேலுதடும் மரத்துப்போயிருந்தால் தரையில் ஓடும் நரம்பும் நசுங்கியிருக்கிறது. சிறுவர்களுக்கு எலும்பு வளைந்து, திரும்ப மூடி, தசையைக் கவ்விக்கொள்ளும். கண் வெளியே சிவக்காமல்கூட இருக்கும். பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டு கண்ணைத் திறக்க மறுத்தால் அன்றே காட்டுங்கள். பெரியவர்களானாலும் சரி, மருத்துவர் சொல்லும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் சைனஸிலுள்ள காற்று கண்குழிக்குள் ஏறும்.

மோவாயில்தான் அடி. ஆனால் காதுக்கு முன்னால் எலும்பு உடைந்திருக்கிறது என்கிறார்கள். அது எப்படி?

கீழ்த்தாடை முக எலும்புகளில் பெரியது, உறுதியானது. காதுச் சிற்றெலும்புகளை விட்டால் தலையில் அசையும் எலும்பு இது ஒன்றுதான். இரண்டு முனைகளும் காதுக்கு முன்னால் பொட்டெலும்பின் குழியில் பொருந்தியிருக்கின்றன. காதின் முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், உருளுவது தெரியும். மேலே மண்டை, கீழே தாடை என்று இது ஒரு வளையம். கண்ணாடி வளையல் ஓரிடத்தில் மட்டும் உடைவது அபூர்வம். அதுபோலத் தாடையும் பெரும்பாலும் இரண்டு இடத்தில் உடையும். அடி மோவாயில் பட்டாலும் விசை இரண்டு கொம்புகளிலும் ஏறி, முனைக்குச் சற்றுக் கீழே தாடையெலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் முறிக்கும். அங்கே முறிவதும் ஒருவகையில் நல்லதே. முறியாவிட்டால் அந்த முனை மேலே மண்டைக்குள் குத்தக்கூடும்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதை நான் மனவருத்தத்தோடு பலமுறை பார்த்திருக்கிறேன். குழந்தை மோவாய் தரையில் மோத விழும். கிழிந்த தோலுக்குத் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். மாதங்கள் கழித்து வாய் திறப்பு குறைந்துகொண்டே வரும். முறிந்த முனை மண்டையோடு ஒட்டி எலும்பாகிவிட்டிருக்கும். தாடையும் அந்தப் பக்கம் வளராமல் நின்றுவிடும். ஆகவே மோவாயில் தையல் விழுந்த பிள்ளைக்கு வாய் எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். அவரவர் கையின் மூன்று விரல்கள் செங்குத்தாக நுழையவேண்டும். நுழையாவிட்டால், அல்லது கடிக்கும்போது தாடை ஒருபக்கம் இழுத்தால், படம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கொட்டாவி விடும்போது தாடை கழன்று வாய் மூடாமல் நிற்பது வேறு. முனை குழியைத் தாண்டி முன்னால் போய் மாட்டிக்கொள்கிறது. மருத்துவர் கீழ்க் கடைவாயில் கட்டைவிரல்களை வைத்துக் கீழேயும் பின்னேயும் தள்ளி உட்காரவைப்பார்.

மூக்கு உடைந்தால் உடனே எக்ஸ்ரே எடுக்கவேண்டுமா?

முகத்தில் அதிகமாக உடைவது மூக்கெலும்புதான். படத்தைவிட மருத்துவரின் விரலும் கண்ணும் முக்கியம். வீக்கம் வடிந்தபின், ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களுக்குள் நிமிர்த்திவிடலாம். பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு: மூக்கின் நடுச்சுவரில் இரத்தம் கட்டி இரண்டு துளையும் அடைபடுவது. குருத்தெலும்பு உணவில்லாமல் அழுகி மூக்கு உள்வாங்கிவிடும். அதை அன்றே கீறி வெளியேற்றவேண்டும்.

கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்ததால் குழந்தைக்கு உதடு பிளந்தது என்கிறார்கள்.

இல்லை. தயவுசெய்து எந்தத் தாயையும் பார்த்து இதைச் சொல்லாதீர்கள். முகம் பல மொட்டுகளாகத் தொடங்கி நடுவில் வந்து சேர்வது. உதடு கருவின் 4 முதல் 7ஆம் வாரத்துக்குள் கூடுகிறது. அண்ணத்தின் இரண்டு பலகைகளும் நாக்கின் இருபுறமும் தொங்கிக்கொண்டிருந்து, நாக்கு கீழிறங்கியதும் மேலே திரும்பி, 12ஆம் வாரத்துக்குள் ஒட்டிவிடுகின்றன. ஒட்டாமல் நின்றால் பிளவு. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே உறுதியாகத் தெரியாத வாரங்களில் இந்த வேலை நடக்கிறது. பரம்பரைக் கூறுகள், புகைபிடித்தல், சில வலிப்பு மருந்துகள் இவற்றுக்குப் பங்கு உண்டு. நிழலுக்கு இல்லை. உதட்டை முதல் சில மாதங்களிலேயே சேர்த்துவிடுவார்கள். அண்ணத்தைப் பேச்சு வருவதற்கு முன், ஒன்றரை வயதுக்குள் மூடுவது வழக்கம்.

ஹெல்மெட் எந்த எலும்பைக் காக்கிறது?

கபாலத்தின் எட்டையும். முகத்தைக் காக்கவேண்டுமானால் மோவாயை மூடும் முழு ஹெல்மெட்தான் வேண்டும். அரை ஹெல்மெட்டோடு விழுந்தவரின் மூளை தப்பும், தாடை தப்பாது. உள்ளிருக்கும் நுரைப்பொருள் நசுங்கி, தலை நிற்க எடுக்கும் நேரத்தை நீட்டுகிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி உதவாது, விழுந்த ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தர முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைப்பட்டையை மாட்டாமல் ஓட்டினால், விழும்போது தலைக்கு முன்பே ஹெல்மெட் பறந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு பின்னால் உட்காருபவருக்கும் பொருந்தும். நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கும்தான்.

ஸ்பீனாய்டு என்றாலே பயம். அதை எப்படிப் படிப்பது?

தனியே பிரித்து வரைந்த படத்திலிருந்து படிக்காதீர்கள். முழு மண்டையோட்டின் மேல்மூடியை எடுத்துவிட்டு மேலிருந்து பாருங்கள். சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி ஒன்று குறுக்கே உட்கார்ந்திருக்கும். கபாலத்தின் மற்ற ஏழு எலும்புகளையும் தொடுவது இது ஒன்றுதான். நடுவில் குதிரைச் சேணம் போன்ற பள்ளத்தில் பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கும். அந்தச் சேணத்துக்கு அடியிலேயே சைனஸ் இருப்பதால், மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே போய்ச் சுரப்பியிலுள்ள கட்டியை எடுக்க முடிகிறது. ஒவ்வொரு துளையிலும் ஒரு ஈர்க்கைச் செருகி அது எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். பார்வை நரம்பின் துளையில் விட்டது கண்குழியில் எட்டிப்பார்க்கும். அன்றைக்கே பயம் போய்விடும்.

மண்டையோட்டைப் பார்த்து ஆணா பெண்ணா, முகம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா?

ஓரளவு. ஆண்களுக்குப் புருவமேடு, காதுக்குப் பின்னுள்ள முண்டு, பிடரிமேடு ஆகியவை பெரிதாக இருக்கும், மோவாய் சதுரமாக இருக்கும். ஆனால் இடுப்பெலும்பு கிடைத்தால் அதைத்தான் நான் முதலில் கேட்பேன். தையல்கள் மூடியதை வைத்து வயது சொல்வது தோராயக் கணக்கு. 1935இல் இங்கிலாந்தில் மனைவியைக் கொன்ற பக் ரக்ஸ்டன் என்ற மருத்துவரின் வழக்கில், இறந்த பெண்ணின் புகைப்படத்தின்மேல் மண்டையோட்டின் படத்தைப் பொருத்திக் காட்டினார்கள். அந்த முறை பிறகு உலகெங்கும் பரவியது.

நமக்கு நெருக்கமானது கொந்தகை. கீழடிக்குப் பக்கத்தில், முதுமக்கள் தாழிகள் கிடைத்த இடுகாடு அது. அங்கே கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை வைத்து இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகங்களை உருவாக்க, 2025இல் அவை வெளியாயின. கண்குழி, தாடை, கன்ன எலும்பின் அமைப்பு இவற்றை எலும்பே சொல்லும். அதன்மேல் தசைகளை அடுக்குகிறார்கள். காது மடல், உதட்டின் தடிமன், தோல் நிறம் இவற்றை எலும்பு சொல்லாது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது எது அளந்தது, எது அனுமானம் என்று பிரித்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தபின்னும் அந்த முகங்கள் என்னை நெடுநேரம் பிடித்து வைத்திருந்தன.

வயதானவர்களுக்கு முகமே சுருங்கிவிடுவது ஏன்?

பல் போனதும் அதைத் தாங்கிய எலும்பு கரையும். தாடையின் உயரம் குறைந்து மோவாய் மூக்கை நெருங்கும். பொக்கை வாயின் வடிவம் அதுதான். பல் விழுந்தபின் கட்டுப்பல்லைத் தள்ளிப்போட்டால் அது உட்கார எலும்பே மிஞ்சாது.

மறைந்த உறவினர் மருத்துவராக இருந்தவர். அவர் படித்தபோது வாங்கிய மண்டையோடு பரணில் இருக்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஒரு காலத்தில் எங்கள் தலைமுறையில் எலும்புத் தொகுதியை மூத்த மாணவரிடம் வாங்கி இளையவரிடம் விற்பது வழக்கம். 1985இல் இந்திய அரசு மனித எலும்பு ஏற்றுமதியைத் தடைசெய்யும்வரை கல்கத்தாவிலிருந்து உலகெங்கும் எலும்புகள் போயின. அவற்றில் எத்தனை பேருடைய சம்மதம் இருந்தது என்பது கேட்கவேண்டிய கேள்வி. விற்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள், அலங்காரமாக வைக்காதீர்கள். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, யாருடையது, எப்போது வாங்கியது என்று தெரிந்ததைக் குறிப்பிட்டு, ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுபோகும்போது தாடையைத் தனியாகத் துணியில் சுற்றுங்கள். மண்டையை அடியில் கைகொடுத்து ஏந்துங்கள்.